நூற்றுக்கு அரை

பதினேழாம் தொகுதியில் பதிமூன்று வீடு.
கணக்கு நோட்டு என்னிடம்.
கையெழுத்து அழகாயிருக்கிறதென்று கொடுத்தார்கள்.
உண்மையில், யாரோடும் சண்டையில்லாதவள்
நான் ஒருத்திதான் மிச்சம்.

ரெசிஃபி நகரத்தின் இந்த ஓரத்தில்
தரை சாப்பாட்டுத் தட்டுபோல் தட்டை.
சதுப்பில் இடிபாடு கொட்டி
நாங்களே மேடாக்கிய நிலம், பட்டா கிடையாது.
கடல் ஏறினால் ஆறு ஏறும்,
ஆறு ஏறினால் சாக்கடை வீட்டுக்குத் திரும்பி வரும்.
பௌர்ணமியன்று
செருப்பை நாற்காலிமேல் வைத்துவிட்டுத் தூங்குவோம்.
நண்டுகளுக்கு அன்று திருவிழா.

பொறியாளர் ஜுசாரா வந்தாள்,
கையில் வரைபடம், காலில் ரப்பர் பூட்ஸ்.
தெருவழியே போனால் ஆழம் அதிகம், செலவு இரண்டு மடங்கு.
கொல்லைவழியே என்றால் முழங்கால் ஆழம் போதும்;
சர்க்கரை கடன் கேட்கப் போகிறவள் மாதிரி
குழாய் ஒவ்வொரு வீடாக நுழைந்து போகும்.
நூறு அடிக்கு அரை அடி இறக்கம்.
அதற்குக் குறைந்தால் நகராது.
கை தூக்குங்கள் என்றாள்.

பன்னிரண்டு கை.

ஒன்பதாம் வீட்டு சுலெய்தே
கையை மடியிலேயே வைத்திருந்தாள்.
மீன் செதில் ஒட்டிய கை.
"எட்டாம் வீட்டான் பீ
என் வீட்டுக்கடியில் போகாது."

எட்டாம் வீட்டு ஜெனிவால், சோள வண்டிக்காரன்,
சுவரை நான்கு சாண் அவள் பக்கம் தள்ளிக் கட்டி
பதினோரு வருஷம்.
பேச்சு நின்றும் பதினோரு வருஷம்.
கொடிக்கயிற்றில் நான்கு சாண் குறைந்ததை
துணி காயப்போடும்போதெல்லாம் அளக்கிறாள்.

மூன்று கூட்டம் நடந்தது.
முதலாவதில் போதகர் வந்து வசனம் சொன்னார்.
இரண்டாவதில் ஜுசாரா
வயிற்றுப்போக்கில் படுத்த குழந்தைகளின் எண்ணிக்கையைப் படித்தாள்.
சுலெய்தே இரண்டுக்கும் தலையாட்டினாள்.
தலையாட்டலுக்கு நோட்டில் பத்தி இல்லை.

மூன்றாவதில் அவளே எழுந்தாள்.
"யோவான் பண்டிகைக்கு என் வீட்டில் சோளம் வேகவில்லை.
பௌர்ணமி கழிந்து அடுப்படியைக் கழுவினேன்.
சோளம் பொறுக்கினேன்.
ஒரு கை நிறைய."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.
ஜெனிவால் தொப்பியைக் கழற்றி
அதன் உட்புறத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

"மேலே வருவதற்கு அடியிலேயே போகட்டும்.
ஆனால் சுவர் இடியும்."

இடித்தோம்.
டியூபில் தண்ணீர் நிரப்பி
ஆளுக்கொரு முனை பிடித்து மட்டம் பார்த்தோம்.
தோண்டத் தோண்டக் கறுப்புச் சேறு,
அதில் ஒரு பொம்மையின் கால், ஓட்டை வாளி,
எவனோ கொட்டிய எங்கள் நிலம்.

குழாய் பதித்து மூடியபின்
ஜெனிவாலே நூல் பிடித்துச் சுவர் எழுப்பினான்.
இரண்டு சாண் பின்னால்.
நான்கு இல்லை, இரண்டு.
சுலெய்தே பார்த்தாள்.
கொடிக்கயிற்றை அவிழ்த்து நீட்டிக் கட்டினாள்.
மீதி இரண்டு சாணை எங்கே எழுதுவதென்று
எனக்குத் தெரியவில்லை. எழுதவில்லை.

சோதனை நாளில் முதல் வீட்டுக் கழிப்பறையில்
ஜுசாரா ஒரு பாட்டில் நீலம் கொட்டினாள்.
பதிமூன்று கொல்லையிலும் மூடியைத் திறந்து
ஆளுக்கொரு குழியருகே குந்தியிருந்தோம்,
காசு தவறவிட்டவர்கள்போல் உள்ளே பார்த்தபடி.
நான்காவது என் வீடு.
நீலம் கடந்தபோது மணி பத்து ஏழு.
இவ்வளவு சுத்தமான எதையும்
அந்தக் குழாய் இனிமேல் பார்க்கப்போவதில்லை.

எட்டாம் வீட்டில் சத்தமில்லை.
பிறகு சுவருக்கு மேலாக
கொஞ்சம் கரகரப்பாக:
"சுலெய்தே, அனுப்பிட்டேன்."

பக்கத்து வீட்டு ரேடியோவில்
ஒரு விளம்பரம் முழுதாக முடிந்தது.

"வந்துடுச்சு."

நீலம் பதிமூன்றைத் தாண்டித்
தெருவின் பெரிய குழாய்க்குள் போனது.
அதன் கடைசியில் மோட்டார் அறை. பூட்டியிருக்கிறது.
சாவி வைத்திருக்கும் அலுவலகமும்
மின்சாரம் தரவேண்டிய அலுவலகமும்
ஒன்றோடொன்று பேசுவதில்லையாம்.
நோட்டை மூடவில்லை.
அடுத்த பௌர்ணமி இருபத்திரண்டாம் தேதி.