கேட் வால்வு

சாமம் ரெண்டே கால்.
அடுக்களைச் சுவருக்குள் யாரோ
வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது போல் ஒரு சத்தம்.
பிறகு டைல்ஸ் ஒன்று கழன்று
சிங்க்கில் விழுந்து உடைந்தது.
பின்னாலேயே வெள்ளம்.

வெள்ளம் என்றால் எங்களுக்குத் தண்ணீர்தான்.
கோவில்பட்டியிலிருந்து வந்த புதிதில் கில்டா,
"குடிக்க வெள்ளம் எடு" என்று நான் கேட்டதும்
பயந்துபோய் வாசலைப் பார்த்தாள்.
இன்றைக்கு அவள் ஊர் அர்த்தமும்
என் ஊர் அர்த்தமும்
ஒரே குழாயில் வந்தன.

பெருவிரலை வைத்து அடைத்தேன்.
விரலைச் சுற்றி விசிறியாகப் பீய்ச்சியது
கண்ணில், காலண்டரில்,
நாளைக்கு ஆப்பத்துக்கு வைத்திருந்த மாவில்.
லுங்கியைக் கிழித்துச் சுற்றினோம்.
சைக்கிள் டியூப். பாலிதீன் கவர்.
அதன்மேல் பையனின் பள்ளிக்கூட பெல்ட்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் மரியாதை கொடுத்துவிட்டு
துப்பியது, சவத்துப் பைப்பு.

"வால்வ அடைங்க" என்றாள் கில்டா.
வால்வு எங்கே இருக்கிறது என்று
அவளுக்கும் தெரியும்.

பாகப்பத்திரம் பதினேழு பக்கம்.
தென்னை ஒன்பதில் எனக்கு நாலரை.
அந்த அரைக்காக இரண்டு வருடம்
குழித்துறைக் கோர்ட்டு வராந்தாவில் நின்றோம்,
அவன் அந்தத் தூணில், நான் இந்தத் தூணில்.
அயனி மரம் அவனுக்கு.
அது உதிர்க்கும் சருகு முழுக்க எனக்கு.
கிணற்றில் பாதி. வழிநடை இரண்டரை அடி.
அப்பாவின் கட்டில்கூட நீள அகலத்தோடு இருக்கிறது.
குழாயை மட்டும் யாரும் எழுதவில்லை.
சுவருக்குள் கிடந்ததால்
வக்கீல் கண்ணில் படவில்லை.
பதினொரு வருடமாக அது
அவன் புழக்கடையிலிருந்து என் அடுக்களைக்கு
கேட்காமல் கொள்ளாமல் வந்து போகிறது.

கில்டா வாளியை மாற்றிக்கொண்டே இருந்தாள்.
தூரத்தில் செக்போஸ்டில்
கோழி லாரிகள் ஹாரன் அடித்தன.
விரலை எடுக்க முடியாது. கத்தத்தான் முடியும்.
ஜெபசிங் என்ற பெயர்
தொண்டைவரை வந்து நின்றுகொண்டது.
"லேய்!"
அவ்வளவுதான் வெளியே வந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு லைட்.
வார் அறுந்த செருப்பின் சத்தம்.
இரும்புச் சக்கரம் கிறீச்சிட்டது.
முதல் திருகலுக்குக் குழாய் சட்டை செய்யவில்லை.
இரண்டாவதுக்கு இருமியது.
மூன்றாவதில் என் பெருவிரலுக்கடியில்
அழுத்தம் ஒரு நூல் தளர்ந்தது.
அவன் மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று
சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தது.

"நின்னா?"
"இல்ல. இன்னும்."
"இப்பம்?"
"கொஞ்சம் சொட்டுது."
"இப்பமோ?"
"ம். நின்னுட்டு."
லைட் அணைந்தது.
விரல் வெளுத்து, சுருங்கி,
வேறு யாருடையதோ போல் இருந்தது.

காலையில் பாறசாலையிலிருந்து ஷிபு வந்தான்,
ஸ்கூட்டரில் குழாயைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு.
சுவரைக் கொத்திப் பார்த்தவன்
ஒரு துருப்பிடித்த எல்போவைச்
சொத்தைப் பல் மாதிரி பிடுங்கிக் காட்டினான்.
"ரெண்டு வீட்டுக்கும் ஒரே லைனாக்கும் சேட்டா.
பிரிச்சுத் தனியா போட்டா ஏழாயிரம் ஆவும்.
பின்ன ஒரு தொல்லையும் இல்ல.
எல்போ மட்டும்ணா அறுநூத்தி அம்பது."

கில்டா என் முகத்தைப் பார்த்தாள்.
"எல்போ போதும்" என்றேன்.
மாசக் கடைசி என்று
கேட்காத கேள்விக்குப் பதிலும் சொன்னேன்.

பசை காய ஒரு மணிக்கூர்.
ஷிபு கை கழுவ வெள்ளம் இல்லாமல்
பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.
"இனி வால்வைத் திறக்கச் சொல்லு."
கில்டா புளித்துக் கெட்ட மாவை
வெளியே கொட்டப் போய்விட்டாள்.

மதிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.
அவன் அந்தப் பக்கம் பல் தேய்க்கும் சத்தம்.
பகல் வெளிச்சத்தில் லேய் என்று கூப்பிட
கூச்சமாக இருந்தது.