ஐந்தாவது எண்ணுக்குப் பிறகு

செந்தூலில் ரயில் மேம்பாலத் தூணுக்கும்
ரொட்டிச் சானாய் கடைக்கும் நடுவே
இடுப்புயரத்தில் ஒரு மின்பெட்டி.
உள்ளே எந்நேரமும் முனகல்.
வெளியே
"உடனடிக் கடன். அடையாள அட்டை போதும்."
கீழே சிவப்பில் ஒரு கைப்பேசி எண்,
யாரோ ஓடிக்கொண்டே தெளித்தது மாதிரி
வலப்பக்கம் சரிந்து.

ஞாயிறு காலை
குடியிருப்போர் சங்கம் ஆறு வாளிச் சாயம் இறக்கியது.
சொட்டாமலிருக்கப் பழைய தேர்தல் பதாகை.
யாரோ ஒரு வேட்பாளரின் பல்வரிசை மேல்
முழங்காலிட்டோம்.
"படம் இருந்தா, கிறுக்க வர்றவனுக்குக் கை கூசும்"
என்றார் தலைவர் ஞானப்பிரகாசம்.
கூசுகிறவன் அந்தத் தொழிலுக்கு வருவானா என்று
நான் கேட்கவில்லை.

முதலில் வெள்ளை.
காய்ந்ததும் சிவப்பு மேலே வந்தது,
துவைத்த பள்ளிச் சீருடையில் குழம்புக் கறை.
இன்னொரு பூச்சு.
மறுபடி வந்தது, வெளிறி,
முதல் ஐந்து எண்கள் மட்டும்.

மிச்சம் எனக்குத் தெரியும்.
போன டிசம்பர் மழையில்
இதே பெட்டி முன் நின்று
உள்ளங்கையில் எழுதிப் போனவள் நான்.
இரண்டாயிரம் ரிங்கிட்.
கட்டி முடித்தபோது ஐயாயிரத்துச் சொச்சம்,
ஒரு சங்கிலி,
வாசல் கதவில் ஒரு வாளிச் சிவப்பு.
"வீடு மாறி ஊத்திட்டானுங்க" என்றேன்
வீட்டில்.

பக்கத்தில் ஸைத்தோன் அக்கா,
நாலாவது மாடி, நாசி லெமாக் விற்கிறவள்,
தூரிகையைத் துடைத்தபடி
மங்கிய எண்களை வாய்க்குள் படித்தாள்.
ஐந்தாவதில் நிற்கவில்லை.
வெற்று வெள்ளையைப் பார்த்தபடியே
"துஜோ... டுவா..."
ஏழு, இரண்டு.
சரிதான்.

சட்டென்று நிறுத்தினாள்.
நான் திரும்பியது அவளுக்குத் தெரிந்தது.
ரயில் ஒன்று தலைக்குமேல் போய் முடிந்தது.
"அந்த வாளியை இப்படித் தள்ளு."
தள்ளினேன்.
மூன்றாவது பூச்சை
இரண்டு பேரும் தேவைக்கு மேல் அழுத்திப் பூசினோம்.

என்ன வரைவதென்று சண்டை.
சங்கம் செம்பருத்தி கேட்டது,
பையன்கள் இருவாச்சி.
எட்டு வயது யாழரசி "முதலை" என்றாள்.
"பேப்பர்ல வருமே, வட்டி முதலை, அதுவா?"
ரொட்டிக் கடை முத்தலிப் கேட்டதும்
பெரியவர்களெல்லாம் சிரித்தார்கள்,
இரண்டு பேர் கொஞ்சம் தாமதமாக.
அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.
"பச்சைதானே நிறைய இருக்கு" என்றாள்.
வரைந்துவிட்டாள்.
எண் இருந்த இடம் முழுக்க வாய்.

புதன்கிழமை
முதலையின் மூக்கில் புது ஸ்டிக்கர்.
வேறு எண்.
வேலை விட்டு வந்து நகத்தால் சுரண்டினேன்;
பச்சையும் சேர்ந்து உரிந்தது.

மைலோ டின்னில் கொஞ்சம் சாயம் எடுத்து வைத்திருந்தேன்.
இரவு பதினொன்றுக்கு அதோடு இறங்கினால்
மூக்கு ஈரமாக இருக்கிறது,
சற்றே அடர்ந்த பச்சையில்.
கீழே
சாயம் துடைத்த வாழையிலைத் துண்டு,
நாசி லெமாக் மடிக்கிற அளவில்.

பெட்டி முனகிக்கொண்டிருந்தது.
டின்னைத் திறக்காமல்
அதன் பின்பக்கம் வைத்தேன்,
தேடுகிறவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி.