மிஞ்சி

கபோஸ் லேனில் வேலைக்குச் சேர்ந்த அன்று
ஒரு சிங்கள அம்மா வந்து
"மிஞ்சி தெல் தியெனவத?" என்றார்.
நான் குனிந்து என் கால்விரலைப் பார்த்தேன்.
ஹில்மி நானா சிரித்த சிரிப்பில்
தராசுத் தட்டு ஆடியது.
புதினாவுக்கு அவர்கள் பாஷையில் அந்தப் பெயராம்.

இது பதினோராவது மாதம்.
பெரிய கேனிலிருந்து
பத்து மில்லிப் போத்தல்களுக்கு இறக்குவது என் கை.
தண்ணீரின் நிறம், தண்ணீரோடு சேராது.
தேங்காயெண்ணெய் என்றால் உடனே உறவு.
கண்ணாடியில்தான் வைக்கவேண்டும், இருண்ட கண்ணாடி.
மூடி அரைச்சுற்றுத் தளர்ந்தாலும் போய்விடும்,
சொல்லாமல் போகிறவர்களைப் போல அல்ல,
தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு.

குளிர்ச்சி என்கிறார்கள். பொய்.
வெப்பமானியை முக்கிப் பார்த்தேன்:
முப்பத்தொன்று,
கடைக்குள் வேர்க்கிற அதே முப்பத்தொன்று.
தோல்தான் ஏமாறுகிறது.
எனக்கு அந்தப் பொய் பிடிக்கும்.
ஏப்ரல் மாதக் கொழும்பில் வேறு யார்
இவ்வளவு கரிசனையாய்ப் பொய் சொல்கிறார்கள்?

பஸ்ஸில் வாந்தி வருகிறவர்களுக்குக்
கைக்குட்டையில் ஒரு துளி.
மேசன்மாரின் முழங்காலுக்கு, எண்ணெய் கலந்து;
தனியே பூசினால் எரியும்.
அரிசிக் கடைக்காரர் பஞ்சில் நனைத்து
மூலைக்கு மூலை வைப்பார்.
எலி இரண்டு நாள் யோசிக்கும், பிறகு பழகிவிடும்.
அதையும் சொல்லித்தான் விற்கிறேன்.
கைக்குழந்தையின் மூக்கில் தடவ என்று கேட்டால்
இல்லை என்பேன், அலுமாரி நிறைய இருந்தாலும்.
நானா முறைப்பார்.

குலதுங்க மாதம் ஒரு போத்தல் வாங்குவார்.
ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை.
முகக்கவசத்தின் உட்பக்கம் இரண்டு துளி,
இல்லாவிட்டால் மத்தியானச் சோறு இறங்காது.

நேற்று அவர் போத்தலைத் திருப்பி நீட்டினார்.
"சின்ன மகள் டொபி சாப்பிட்டுக்கொண்டே
ஓடிவந்து முத்தம் தந்தாள்.
நான் முகத்தைத் திருப்பிவிட்டேன்.
வேறு ஏதாவது தா."

கராம்புத் தைலம் கொடுத்தேன்.
கலியாண வீட்டுப் புரியாணியில் அது வரும் என்று
சொல்ல வாய் வரவில்லை.

போத்தலில் கால்வாசி மிஞ்சியிருந்தது.
விற்றதை நானா திரும்ப எடுப்பதில்லை.
என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

155 இல் சரியான நெரிசல்.
பக்கத்தில் நின்ற பிள்ளை
மூக்கை உயர்த்தி, என் பையைப் பார்த்து,
"டொபி வைத்திருக்கிறீங்களா அக்கா?"

இல்லை என்றேன்.
அவள் நம்பவில்லை.
வெள்ளவத்தை வரும்வரை
மூச்சை இழுத்து இழுத்து
சிரித்துக்கொண்டே வந்தாள்.