நூற்று நாற்பதுக்குக் கீழே

ஜுபைல், நான்காம் கேட், விடிகாலை நாலரை.
ஷட்டவுன் முடியும்வரை
மேலே ஏறுகிறவர்கள் எல்லாரும்
முதலில் என் மேசையில் கையை நீட்ட வேண்டும்.
நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தால்
ஹெல்மெட்டில் பச்சை ஸ்டிக்கர்.
கூடினால் அன்று தரையில்தான்.
தரை என்றால் ஓவர்டைம் கிடையாது.

கோட்டைச்சாமிக்கு நூற்று அறுபத்தெட்டு.
"பஸ்ஸுலேர்ந்து ஓடியாந்தேன் சார்,
சித்த உக்காந்துட்டு வர்றேன்."
உட்கார்ந்தான்.
யாரோ சொன்னார்களென்று
பாட்டிலில் கொண்டுவந்த பீட்ரூட் சாறைக் குடித்தான்.
சிவந்த உதடுகளோடு மறுபடி கை நீட்டினான்.
நூற்று எழுபது.

படிவத்தில் கேள்விகள் இருக்கின்றன.
உப்பு அதிகமா?
கருவாடு இல்லாமல் மெஸ் குப்பூஸ் இறங்காது.
போதாததற்கு, வேர்வைக்கு ஈடாகக்
கம்பெனியே உப்புப் பொட்டலம் தருகிறது
கையெழுத்து வாங்கிக்கொண்டு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறோம்.

தூக்கம்?
எட்டுப் பேர் அறை. எட்டு அலாரம்.

புகை?
"விட்டாச்சு" என்றான்,
வாயெல்லாம் நாற்றம்.

குடும்பத்தில் யாருக்கேனும்?
"அப்பாவுக்கு. பம்புசெட்டுப் பக்கம் கெடந்தாரு.
நாப்பத்தொம்பது வயசு."
வயது என்ற கட்டத்தில்
அவனுக்கு நாற்பத்தேழு எழுதியிருந்தேன்.

மனக்கவலை உண்டா என்பதற்கு
ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள்.
சிரித்துவிட்டு
என் பேனாவைப் பார்த்தான்.
"சார், அந்த ஆறை மூணாக்குனா…"

ஆக்கினேன்.

அன்று பகல் முழுக்க
கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன்.
அறுபது மீட்டர் உயரத்தில் சாரம்,
அதில் நகரும் ஆரஞ்சுப் புள்ளிகளில்
எது அவன் என்று தெரியவில்லை.
பக்கத்தில் ஒரு குழாய்க்கு அழுத்தச் சோதனை நடந்தது.
வால்வு திறந்து சீறியதும்
எல்லாரையும் நூறடி தள்ளி நிற்கச் சொன்னார்கள்.
குழாய்க்கு அது போதும்.

மாலை இறங்கி வந்தான்.
"பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல."

அவன் போனபிறகு
யாருமில்லாத கூடாரத்தில்
என் கையிலேயே பட்டையைச் சுற்றினேன்.
அது இறுக்கியது, முனகியது,
எண்ணைக் காட்டும் முன்பே
பட்டனை அணைத்துவிட்டேன்.

மறுநாள் நாலரை.
நூற்று எழுபத்தாறு.
கோட்டைச்சாமி ஒன்றும் சொல்லவில்லை.
ஏழை மூன்றாக்குவது கஷ்டம்,
இருவருக்கும் தெரியும்.
பேனா மூடியைக் கழற்றாமல் வைத்திருந்தேன்.
பின்னால் வரிசையில் யாரோ
"சீக்கிரம் சார், வெயில் வந்துரும்" என்றார்கள்.