வெள்ளைப் பட்டை

காரைக்குடியில் முத்துக்கருப்பன் கடை.
பீங்கான் ஜாடிகளுக்கும் முள் இல்லாத கடிகாரங்களுக்கும் பின்னால்
ஒரு பிஸ்கட் டப்பாவில் பையன்கள் கிடப்பார்கள்.
"உங்க ஆளுங்க வந்திருக்காங்க" என்று போன் செய்வார்.
ஞாயிறு முதல் பூசை முடிந்த கையோடு
தங்கச்சிமடத்தில் பஸ் ஏறுவேன்.

என் ஆட்கள் யாரும் எனக்கு எதுவும் ஆகவேண்டியவர்கள் இல்லை.
அம்பாலா, லாகூர், பெங்களூர் என்று
முதுகில் ஸ்டுடியோ முத்திரை.
எண்பது வருடத்துக்கு முன்னால்
விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய்
முதல் சம்பளத்தில் படம் பிடித்துக்கொண்டவர்கள்.
தொப்பியின் முன்மடிப்பில் வெள்ளைத் துணிப் பட்டை இருந்தால்
இன்னும் பயிற்சியில் என்று அர்த்தம்.
பட்டை இருந்தால்தான் வாங்குவேன்.
நெஞ்சில் இறக்கை குத்தியவர்களை
வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.
அவர்களுக்கு விலையும் அதிகம்.

மண்டபத்தில் ஐஸ் கம்பெனிக் கணக்கு எனக்கு வேலை.
எத்தனை பாளம் படகுக்குப் போனது,
எத்தனை பாளம் கரைந்தது.
கரைந்ததற்கும் நோட்டில் ஒரு பத்தி உண்டு.

வீட்டில் நாற்பத்தொரு பேர்.
உப்புக்காற்று முதலில் ஓரத்தைத் தின்னும்.
கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளி பூக்கும்,
சாய்த்துப் பார்த்தால் வாளை மீன் தோல்.
அடுத்து ராமபாணப் பூச்சி;
இந்தக் கரையில் அந்தப் பெயருக்கு யாரும் சிரிப்பதில்லை.
செருப்புக்கடை பிலவேந்திரன்
பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை
எனக்காகச் சேர்த்து வைக்கிறான்.
"இதுக்கு நாலு கோழி வாங்கி வளர்க்கலாம்க்கா" என்பான்,
தரும்போதெல்லாம்.

ஒருவனுக்குப் பின்னால் திரையில் கடல்.
வரைந்தவன் கடலைப் பார்த்ததே இல்லை.
எல்லா அலையும் ஒரே உயரம்.
வாடையிலும் வராது, சோழகத்திலும் வராது
அப்படி ஓர் அலை.
அதன் முன்னால் விறைத்து நிற்கிறான்
கால்சட்டை மடிப்பு கலையாமல்.
பின்புறம் பென்சிலில் உருது.
ராமநாதபுரத்தில் மெத்தை தைக்கும் கௌஸ் பாய் படித்துச் சொன்னார்:
'அம்மாவுக்கு. தொப்பி கொஞ்சம் பெரிது.'
அவ்வளவுதான்.
ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு
இன்னொரு தரம் படித்தார்.
நான் கேட்கவில்லை.

போன மாதம் வந்தது
முகம் இல்லாத படம்.
முட்டை வடிவில் கத்தரித்து எடுத்திருந்தார்கள்,
லாக்கெட்டுக்கு இருக்கும்.
மோவாய்க்குக் கீழே ஒரு வளைவு, காதோரம் நிதானம்,
நெற்றியில் வந்ததும் கத்தரி திரும்பிவிட்டது.
தொப்பியைத் தொடவில்லை.
வெட்டிய கைக்கு முகம் போதும்,
தொப்பி சர்க்காருடையது.
ஒன்றுமில்லாததன் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து
அது அப்படியே நிற்கிறது,
வெள்ளைப் பட்டை கொஞ்சமும் அழுக்காகாமல்.

"மூஞ்சியே இல்லையே, பாதி கொடுங்க" என்றார் முத்துக்கருப்பன்.
வேறு பையன் முகத்தை ஒட்டித் தரவா என்றும் கேட்டார்,
சும்மா ஒரு பேச்சுக்கு.
முழு விலை கொடுத்தேன்.
மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டேன்,
கணக்குக்காரி.

ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்திருக்கிறேன்.
உச்சிப்புளியில் கிளம்பும் கடற்படை விமானம்
பாதி நாள் எங்கள் ஓட்டை உரசுகிற மாதிரி போகும்.
ஒருநாளாவது அந்த ஓட்டைக்குள் வரும் என்று
டீயை ஆறவிட்டுக் காத்திருந்தேன்.
வரவில்லை. அது எப்போதும் தலைக்கு மேலே.
ஓட்டைக்குள் வந்ததெல்லாம்
எதிர்வீட்டு மரியபுஷ்பம் உதறிக் காயப்போட்ட பாவாடை,
கருவாட்டுக்குச் சுற்றும் காகம்,
மத்தியானத்தில் கொஞ்சம் கடல்,
ஒரே உயரமில்லாத அலைகளோடு.

நோட்டில் ஏற்றும்போது கை நின்றது.
தேதி, விலை எழுதியாயிற்று. ஊர் தெரியாது.
எண் போடவா?
கரைந்த பத்தியில் போட மனசில்லை.
எந்த ஊரிலோ, எந்தப் பீரோவிலோ,
சங்கிலி அறுந்த ஒரு லாக்கெட்டுக்குள்
தொப்பி இல்லாமல் இருக்கிறான்.

நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.