காலுறை

ருனவீக் துறைமுகத்தில் மழை பெய்கிறது என்று
யாரும் சொல்வதில்லை.
இருக்கிறது. கயிறு இருப்பதுபோல, தூண் இருப்பதுபோல.

இழுவைப் படகின் பின்தளத்தில்
வின்ச் நிற்கும் தடித்த தகட்டில்
செவ்வாயன்று நான் போட்ட பற்று.
மீன் செதில்போல அடுக்கடுக்காய், பார்க்க அழகுதான்.
வெள்ளியன்று சிவப்புச் சாயம் தடவித் துடைத்து
வெள்ளைப் பொடி தூவியதும்
ஓரத்தில் முடியளவு ஒரு கோடு
சிவந்து எழுந்தது.

"இரும்பு பழசு, மரின்" என்றார் கேப்டன் ஹானுஸ்.
நான் வாய் திறக்கவில்லை.

பழசில்லை.
திங்கள் ராத்திரி
என் கம்பளிக் காலுறை இரண்டையும்
ராடு வைக்கும் அடுப்பில் காயப்போட்டிருந்தேன்.
நூற்றிருபது டிகிரி சும்மா எரிகிறதே என்று.
கம்பளி கதவில் மாட்டிக்கொண்டு
ஒரு விரல் இடைவெளி.
காலையில் காலுறை மொரமொரவென்று இருந்தது.
அதன் ஈரமும் துறைமுகத்தின் ஈரமும்
ராடுகளின் பூச்சுக்குள் போயிருந்தன.

நெருப்பில் தண்ணீர் தண்ணீராக இருக்காது.
ஹைட்ரஜன் தனியே கழன்று
உருகிய இரும்புக்குள் இறங்கும்.
இரும்பு ஆறிவிடும்.
அது ஆறாது.
பட்டறை பூட்டிய பிறகு உள்ளே நடக்கும்,
இறுகிப்போன ஓரமாய்ப் பார்த்துக் கூடும்,
ஏதோ ஒரு நாள், ஆளில்லாத நேரம்,
டிக்.

கிரைண்டரால் கோடு மறையும்வரை தோண்டினேன்.
புது டின் உடைத்தேன்.
தார்ப்பாய்க்கு அடியில் டார்ச் காட்ட
தகடு முதலில் வியர்த்தது, பிறகு காய்ந்தது,
பிறகும் காட்டினேன்.
மூடிய குடுவையிலிருந்து ஒவ்வொரு ராடாக எடுத்து
ஆர்க்கைக் குட்டையாகப் பிடித்து
மூச்சையும் குட்டையாகப் பிடித்து.

கசடு தட்டி முடித்தபோது வெள்ளி மாலை நான்கு.
"கிளம்பலாமா?"
"ஞாயிறு மாலை பார்த்துவிட்டு."
ஹானுஸ் பற்றின்மேல் உள்ளங்கையை வைத்தார்.
"ஆறிப்போச்சே!
கானாங்கெளுத்தி எனக்காகக் காத்திருக்குமா?
ஒன்பது பேருக்குக் கூலி யார் தருவது?"

அப்போதுதான் சொன்னேன், காலுறையைப் பற்றி.
அவர் என் காலையே பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
பிறகு போய் எஞ்சினை அணைத்தார்.

பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
ஈரம் என்று எழுதி
அடித்துவிட்டு
காலுறை, என்னுடையது, என்று எழுதினேன்.

சனி இரவு தூக்கமில்லை.
ஓட்டின்மேல் மழை. பாதம் ஜில்லென்று.
இரண்டு தெரு தள்ளி நிற்கும் தகட்டுக்குக்
காது கொடுத்துக் கிடந்தேன்.

ஞாயிறு மாலை நான்கு.
சாயம். துடைப்பு. பொடி.
ஹானுஸ் குடை பிடித்திருக்கிறார்
எனக்கல்ல, பற்றுக்கு.
வெள்ளை.
இன்னும் வெள்ளை.
இன்னும்