எடைப்பாலத்துக் கிராணி

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலை வாசலில்
என் எடைப்பாலம்
பத்து கிலோவுக்குக் குறைந்த எதையும் நம்பாது.
ஆகவே அந்த இரண்டு சில்லைகளும்
எந்த ரசீதிலும் இல்லை.

மாவு மூட்டைக்குள் விட்டு எடுத்ததுபோல் தலை.
உடம்பு, காய்ந்த பழக்குலையின் பழுப்பு.
அலகு மட்டும் அந்த உடம்புக்குக் கொஞ்சம் அதிகம்,
சாம்பல் நீலத்தில் ஓர் இடுக்கி.

மழை விட்ட செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தார்கள்.
தன்னைவிட மும்மடங்கு நீளமான லாலான் தாளைக்
குறுக்காகக் கவ்விக்கொண்டு
அணைந்துபோன மூன்றாம் நம்பர் விளக்குக் கூண்டில்
முட்டி, முட்டி,
பிறகு நுனியைப் பிடித்து
உள்ளே போனது ஒன்று.

ஆண் எது, பெண் எது?
பாடினால் தெரியும் என்கிறார்கள்.
ஒன்று தொண்டை புடைக்கப் பாடத்தான் செய்தது.
லோரிகள் எஞ்சினை நிறுத்திய பிறகும்
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

விளக்கு மாட்ட ஏறிய வயர்மேன் இருதயம்
ஏணியின் பாதியில் நின்றார்.
“ஆறு கிடக்கு. வெள்ளையா. கட்டைவிரல் நகம் அளவு.”
இறங்கி, பல்பைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார்.
நான் வேலைத்தாளில் எழுதினேன்:
உதிரிபாகம் வரவில்லை, ஐந்து வாரம்.
மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

இப்போது ராத்திரி லோரிக்காரர்கள்
இருட்டைத் திட்டிக்கொண்டே பாலம் ஏறுகிறார்கள்.
டார்ச் அடித்து நம்பர் பிளேட் பார்க்கிறேன்.

பதினான்காம் நாள், விடியற்காலை ஐந்தே முக்கால்.
பாலத்தில் யாரும் இல்லை.
மேலே பலபேர் சேர்ந்து
எதற்கோ அவசரப்பட்டார்கள்.
திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்
அப்படியே இருந்தது.